புள்ளியில் தொடங்கும் வாசிப்பு

கோவை மேட்டுப்பாளையம் சாலையில் கவுண்டம்பாளையத்தைத் தாண்டித் துடியலூர் வரும்வரை கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், இந்தப் பகுதியின் பெற்றோர் எதற்குக் கவலைப்படுகிறார்கள் என்பது விளங்கிவிடும். டியூஷன், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி என்ற வரிசையில் சில ஆண்டுகளாக ‘ஃபோனிக்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. பம்பு செட் பட்டறையில் வேலை செய்பவரும் சரி, மில்லுக்குப் போகிறவரும் சரி, தங்களுக்கு இங்கிலீஷ் வாசிப்பு கைவராமல் போனது குழந்தைக்கும் நேரக்கூடாது என்று மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். அவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறைதான் வருகிறது: “எழுத்தெல்லாம் தெரியுதுங்க. ஆனா கூட்டிப் படிக்கத்தான் வரமாட்டேங்குது.”

அந்தக் குறை முழுக்க உண்மை. எழுத்தைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு திறமை, எழுத்துக்களின் ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது வேறொரு திறமை. இரண்டாவதை வெளிப்படையாக, ஒழுங்கான வரிசையில் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் ஃபோனிக்ஸ் எனப்படும் ஒலிவழிக் கற்பித்தலின் அடிப்படை. இதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் நம் ஊரில் இந்த முறை இங்கிலீஷுக்கு மட்டும் உரியது என்று ஆகிவிட்டது. அதே குழந்தை தமிழ் படிக்கும்போது பல இடங்களில் 247 எழுத்துக்களையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் சொல்லுக்கு வருகிறது. ஒலிவழி வாசிப்புக்கு இங்கிலீஷைவிடப் பல மடங்கு வாகான எழுத்துமுறை தமிழுடையது. அதை நாம் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பதுதான் என் ஆதங்கம்.

இங்கிலீஷுக்கு ஏன் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்பட்டது? அங்கே 26 எழுத்துக்கள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஒரே எழுத்து பல ஒலி தரும், ஒரே ஒலியைப் பல விதமாக எழுதலாம். ஃபிலிப் சீமோரும் அவருடன் பணியாற்றியவர்களும் 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்பு முடித்த குழந்தைகளை ஒப்பிட்டு 2003ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழகிய எளிய சொற்களில் ஃபின்லாந்துக் குழந்தைகள் நூற்றுக்கு 98 சொற்களைச் சரியாக வாசித்தார்கள். இங்கிலீஷில் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் வாசித்தது 34. ஃபின்லாந்துக் குழந்தைகள் பள்ளியில் சேரும் வயது கூடுதல் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு வயது மட்டும் காரணம் அல்ல. ஃபின்னிஷில் எழுதியபடியே வாசிக்கலாம், இங்கிலீஷில் அது முடியாது.

அந்தச் சிக்கலைத் தீர்க்க, சொல்லை முழுப் படமாக மனத்தில் பதியவைக்கும் முறை ஒன்று வந்தது. அதை எதிர்த்து ருடால்ஃப் ஃபிளெஷ் 1955ல் எழுதிய நூல் அமெரிக்காவில் பெரிய சண்டையையே கிளப்பியது. 2000ல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஒழுங்கான ஒலிவழிக் கற்பித்தல் தொடக்க வகுப்புகளில் பலன் தருகிறது என்றது. இங்கிலாந்து 2006ல் ஜிம் ரோஸ் அறிக்கைக்குப் பிறகு அதையே பொது வழியாக்கி, 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்கள் கொண்ட வாசிப்புச் சோதனையும் வைத்தது. அந்தச் சொற்களில் பாதி பொருளற்றவை. குழந்தை பார்த்துப் பழகிய சொல்லை நினைவிலிருந்து சொல்கிறதா, உண்மையிலேயே எழுத்துக் கூட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்க அப்படி ஓர் ஏற்பாடு. துடியலூர் வகுப்புகளில் புழங்கும் பல பயிற்சிப் புத்தகங்கள் இந்த இங்கிலாந்து மரபிலிருந்து வந்தவை.

இனி தமிழுக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, இரண்டும் சேர்ந்த உயிர்மெய் 216, ஆய்தம் 1. பட்டியலாகப் பார்த்தால் இந்த 247 மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது முப்பது ஒலிகளைக் கொண்டு பின்னிய கட்டமைப்பு. ககரத்தில் ‘ா’ என்ன செய்கிறதோ அதையேதான் மகரத்திலும் செய்கிறது. இந்திய எழுத்துமுறைகளில் தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் மெய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டெழுத்தாகும்போது வடிவமே மாறிவிடும். தமிழில் க்ஷ, ஸ்ரீ போன்ற ஓரிரண்டைத் தவிர அந்தத் தொல்லை இல்லை. உயிர் சேராத மெய்யின் தலையில் ஒரு புள்ளி இருக்கும். ‘பட்டம்’ என்ற சொல்லில் எந்த இடத்தில் உயிரொலி உண்டு, எந்த இடத்தில் இல்லை என்பது குழந்தையின் கண்ணுக்கே தெரியும்.

இந்த வசதி நமக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஓலைச்சுவடி எழுதியவர்கள் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் எழுத்தில் தெளிவாக இராது. சொல் ஏற்கெனவே தெரிந்தவர்தான் சுவடியைத் தடையின்றி வாசிக்க முடியும். ஏ, ஓ வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்திய பெருமை வீரமாமுனிவருக்குத் தரப்படுகிறது. அச்சு வந்தபின் புள்ளி நிலைத்தது. பெரியார் 1935 முதல் தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்டு காட்டிய சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978ல் ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துக்களின் விதிவிலக்கான வடிவங்கள் போயின. ஒவ்வொரு மாற்றமும் புதிதாகப் படிக்க வருகிறவரின் சுமையைக் குறைத்தது. எழுத்து இவ்வளவு தூரம் குழந்தையை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. கற்பிக்கும் முறையில் ஒரு பகுதி மட்டும் அரிச்சுவடிக் காலத்திலேயே நிற்கிறது.

எங்கள் தெருவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி ‘பட்டம்’ என்ற சொல்லை வாசித்தது இப்படி: “ப, இட், ட, இம்.” நான்கு எழுத்தையும் பிழையில்லாமல் சொல்லிவிட்டாள். சொல் என்ன என்று கேட்டால் விழித்தாள். மெய்யெழுத்துக்களை இக், இங், இச் என்று முன்னே ஓர் இகரம் சேர்த்துச் சொல்வது நம் பள்ளி வழக்கம். தனி மெய்யை உச்சரிப்பது கடினம் என்பதால் வந்த ஏற்பாடு அது, தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இகரம் பெயரைச் சேர்ந்தது, ஒலியில் அதற்கு இடமில்லை. அதைக் குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே சேர்த்தால் ‘பஇட்டஇம்’ என்றுதான் வரும், அப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது. ஆனா, ஆவன்னா, கானா, காவன்னா என்று சொல்லித்தந்த பழைய முறையிலும் இதே சிக்கல் உண்டு. எழுத்தின் பெயர் வந்து ஒலியை மூடிவிடுகிறது.

அந்தச் சிறுமிக்கு உதவியது மிகச் சிறிய ஒரு பயிற்சி. ‘ம்’ வரும்போது உதட்டை மூடி முனகச் சொன்னோம். ‘ட’ என்று சொல்லிக்கொண்டே, இடையில் மூச்சு விடாமல் உதட்டை மூடச் சொன்னோம். ‘டம்’ வந்தது. பிறகு ‘ப’ சொல்லி, ‘ட்’டில் நாக்கை மேலே மடித்து நிறுத்தி, அப்படியே ‘டம்’முக்குப் போகச் சொன்னோம். மூன்றாவது முயற்சியில் ‘பட்டம்’ என்று கத்தினாள். மெய் வரும் இடத்தில் வாய் எங்கே நிற்கிறது என்று காட்டியது மட்டுமே அதில் நடந்தது. தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலையே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். நாவும் உதடும் பல்லும் அண்ணமும் எந்த ஒலிக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று விளக்கிய மரபு நம்முடையது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு அதைவிடப் பயனுள்ள இலக்கணப் பகுதி வேறில்லை.

அடுத்தது வரிசை. அகரம் முதல் னகரம் வரை எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போனால், குழந்தை பல மாதங்கள் எதையுமே வாசிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கிலீஷ் ஒலிவழி முறையில் ஏ, பி, சி என்று தொடங்குவதில்லை. எந்த ஆறேழு எழுத்தில் நிறையச் சொற்கள் பிறக்குமோ அவற்றை முதலில் எடுப்பார்கள். தமிழிலும் இதைச் செய்து பார்க்கலாம். அ, ஆ, ப, ம, ட என்ற ஐந்து எழுத்து, துணைக்கால், புள்ளி, இவற்றோடு ‘டு’ ஒன்று. இவ்வளவுதான் முதலீடு. இதற்குள் அம்மா, அப்பா, பாப்பா, ஆடு, மாடு, படம், பாடம், பட்டம், பாட்டு, ஆட்டம், மாடம், அப்பம், ஆப்பம் எல்லாம் வந்துவிடுகின்றன. “பாப்பா ஆடு” என்று ஒரு வாக்கியமே படிக்கலாம். இரண்டு வாரத்தில் ஒரு குழந்தை தானே வாசித்த வாக்கியம் அது.

‘டு’வை ஏன் இவ்வளவு முன்னால் கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். பட்டியல் முறையில் உகர வரிசை ஐந்தாவதாக வரும். ஆனால் தமிழ்க் குழந்தையின் வாயில் புழங்கும் சொற்களில் எத்தனை உகரத்தில் முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள்: வீடு, காது, மூக்கு, கழுத்து, நண்டு, பூட்டு, சோறு. டு, து, கு, று நான்கும் இல்லாமல் வீட்டுச் சொற்கள் பலவற்றை எழுத முடியாது. அதே சமயம், வடிவ ஒழுங்கு மிகவும் குலைகிற இடமும் உகர, ஊகார வரிசைகள்தாம். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ‘ா’ போல ஒரு குறியைக் கற்றால் பதினெட்டும் வரும் என்பது இங்கே செல்லாது. பதினெட்டு மெய்க்கு இரண்டு வரிசை, ஆக 36 வடிவங்கள். அவற்றை ஒரே வாரத்தில் கொட்டாமல், தேவைப்படும் சொல்லோடு ஒவ்வொன்றாகக் கொடுப்பதே முறை.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. கெ, கே, கை ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்யின் இடப்பக்கம் நிற்கும். கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. கொ, கோ என்றால் குறி இரண்டு பக்கமும். கௌ வந்துவிட்டால் அதிலுள்ள ‘ள’ போன்ற உறுப்பை எழுத்தாகவே வாசிக்கும் குழந்தைகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் நடத்தி 2007ல் வெளியிட்ட ஆய்வு இங்கே நமக்கு உதவும். எழுத்துத் தொகுதி பெரிதாக உள்ள கன்னடத்தில் குழந்தைகள் எழுத்துக்களை முழுமையாகக் கைக்கொள்ளத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். இங்கிலீஷ் குழந்தைக்கு வகுத்த கால அட்டவணையைத் தென்னிந்தியக் குழந்தையின் மேல் ஏற்றிவிட்டு, பின்தங்கிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

வாசிக்கக் கற்பிப்பதில் தமிழ் மண் உலகுக்குக் கொடுத்ததும் ஒன்று உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்றார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்துத் தம் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது பெரிய பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797ல் இதை இங்கிலாந்தில் நூலாக்கினார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அங்கே பல பள்ளிகளுக்குப் பரவியது. மணலில் எழுதும்போது விரலும் கண்ணும் வாயும் ஒரே ஒலியில் நிற்கின்றன என்ற உண்மை நம் திண்ணைப் பள்ளிக்கு முன்பே தெரிந்திருந்தது.

துடியலூருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அதே சாலையில் சில கிலோமீட்டர் வடக்கே, பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் தி.சு. அவினாசிலிங்கம் 1930ல் தொடங்கியது. பின்னாளில் அவர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகி, உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்கப் பாடுபட்டார். வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர் பெரியசாமித் தூரன். தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும் அதன்பின் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியத்தையும் பதிப்பித்தவர், குழந்தைப் பாடல்கள் எழுதியவர், குழந்தை உளவியலைத் தமிழில் விளக்கியவர். கொங்கு நாட்டில் குழந்தைக் கல்வி பற்றித் தமிழிலேயே ஆழமாகச் சிந்தித்த ஒரு தலைமுறை இருந்தது. ஃபோனிக்ஸ் வகுப்புத் தேடி அலையும் இன்றைய பெற்றோருக்கு அந்தப் பெயர்கள் தெரியாமல் போனது வருத்தமான விஷயம்.

அரசுப் பள்ளிகளில் இப்போது நடப்பதையும் பார்க்க வேண்டும். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விளைவு ஆசர் என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பில் தெரிந்தது. தமிழ்நாட்டின் கிராமப்புற மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018ல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். 2022ல் அது ஐந்துக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டு ஜூன் 13 அன்று அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை வகுப்புப்படி பார்க்காமல், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு அது. 2024 கணக்கெடுப்பில் நிலைமை தேறியிருந்தது. ஆனாலும் பெருவாரியான குழந்தைகள் இன்னும் அந்தப் பாடத்தை வாசிக்கும் இடத்துக்கு வரவில்லை. திட்டத்தின் திசை சரி என்றே நினைக்கிறேன். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் புள்ளி புரியாத குழந்தைக்குப் புள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்க ஆசிரியருக்கு அனுமதியும் நேரமும் கிடைப்பதுதான் பெரிய விஷயம். பதிவேற்ற வேண்டிய தரவுகள் அந்த நேரத்தைத் தின்றுவிடாமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒலியைச் சேர்ப்பது வாசிப்பில் பாதிதான். கஃப், டன்மர் என்ற இருவர் 1986ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று, இரண்டையும் பெருக்கி வருவது வாசிப்பு. இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். துடியலூர்க் குழந்தைக்குத் தமிழில் இரண்டாவது திறன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ‘தங்கம்’ என்ற சொல்லில் ககரம் மெலிந்து ஒலிக்க வேண்டும், ‘அக்கா’வில் வலிந்து ஒலிக்க வேண்டும் என்று அதற்கு யாரும் விதி சொல்ல வேண்டியதில்லை. தோராயமாகக் கூட்டினாலே போதும், காது பழகிய சொல் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டேவிட் ஷேர் என்ற ஆய்வாளர் 1995ல், குழந்தை இப்படி ஒவ்வொரு சொல்லாகக் கூட்டும்போது தனக்குத் தானே ஆசிரியராகிறது என்று விளக்கினார். தாய்மொழியில்தான் அது முதலில் தடையின்றி நடக்கும்.

வீட்டில் வூடு என்றும் கோளி என்றும் சொல்லும் குழந்தை புத்தகத்தில் வீடு, கோழி என்று பார்க்கும்போது சற்றுத் தயங்கும், பிறகு பிடித்துக்கொள்ளும். வாசிப்பில் இது சிறிய தடைதான். எழுதும்போதுதான் ழ, ள, ல என்றும், ர, ற என்றும், ந, ன, ண என்றும் சிக்கல் கிளம்பும். பேச்சில் கேட்காத வேறுபாட்டைக் காது கொண்டு பிடிக்க முடியாது. அங்கே நிறைய வாசிப்பதும் நிறைய எழுதுவதும் தவிர வேறு வழி இல்லை. முதல் வகுப்பில் ழகரப் பிழைக்குச் சிவப்பு மையால் சுழிப்பதை நான் ஏற்கமாட்டேன். ‘பளம்’ என்று எழுதிய குழந்தை கேட்ட ஒலியைச் சரியாகவே எழுத்தாக்கியிருக்கிறது, பாராட்டிவிட்டுத் திருத்த வேண்டும்.

இங்கிலீஷ் ஒலிவழி வகுப்பைத் தமிழ் வாசிப்புக்குப் பிறகோ, அதனோடு சேர்த்தோ வைத்துக்கொள்ளலாம். தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தைக்குச் சொல் என்பது ஒலிகளால் ஆனது என்பதை மறுபடி விளக்க வேண்டாம். புதிதாகச் சொல்ல வேண்டியவை வேறு: ‘பின்’ என்று தமிழில் எழுதும் ஒரே வடிவத்துக்குள் அங்கே இரண்டு தனிச் சொற்கள் அடங்கும், அவற்றின் முதல் ஒலிக்கு இரண்டு தனி எழுத்துக்கள் உண்டு. ஃப, ஸ போன்ற ஒலிகளும், தமிழில் இல்லாத சில குறில்களும் அப்படியே. இதைவிட முக்கியம் சொற்பொருள். டின், பான், நாப் என்று இருபது சொற்களைக் கடகடவென்று கூட்டிவிட்டு ஒன்றின் பொருளும் தெரியாமல் நிற்கும் குழந்தையை வாசகர் என்று சொல்ல மாட்டேன். ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் “எத்தனை ஒலி முடிந்தது?” என்று கேட்பதோடு, இந்த வாரம் எந்தக் கதையைக் காதால் கேட்டது, எத்தனை புதுச் சொல்லின் பொருள் தெரிந்தது என்றும் கேட்க வேண்டும்.

இதே பெருக்கல் கணக்கின் இன்னொரு பக்கம் இப்போது கோவையின் அரசுப் பள்ளிகளில் வந்து அமர்ந்திருக்கிறது. பவுண்டரிகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் சேருகிறார்கள். அவர்களில் சிலர் தமிழ் எழுத்துக்களை வேகமாகவே கற்கிறார்கள். ஆனால் ‘தங்கம்’ என்பதில் ககரத்தை வலித்துச் சொல்வார்கள், ‘பாடு’வில் டகரத்தை ‘பாட்டு’ போலச் சொல்வார்கள். திருத்திக்கொடுக்க அவர்கள் காதில் அந்தச் சொல் இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு முதல் சில மாதம் எழுத்தைவிடப் பேச்சுத் தமிழ் முக்கியம். பாட்டு, கதை, பொருளைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்வது, சத்துணவு வரிசையில் “இன்னும் கொஞ்சம் சோறு வேணுங்க” என்று கேட்கப் பழக்குவது. அதற்குப் பின் எழுத்தை எடுக்கலாம், அப்போதும் வல்லெழுத்து எங்கே வலிக்கும், எங்கே மெலியும் என்ற விதியை அவர்களுக்கு மட்டும் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும்: சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வலிக்கும். மெல்லெழுத்துக்குப் பின்னும், இரண்டு உயிருக்கு நடுவிலும் மெலியும். தமிழ் பேசும் குழந்தைக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை என்பதால், நான் அறிந்தவரை நம் பாடநூல்களும் ஆசிரியர் பயிற்சியும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. துடியலூர்ப் பக்கம் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் இதற்கான பயிற்சித் தாள்களைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினால், மாநிலத்தின் மற்றத் தொழில் நகரங்களுக்கும் அது பயன்படும்.